லிமிடெட் எடிஷன் நாட்டிலஸ்: எந்த நாட்டிலஸின் நகல்?

திருகாணி:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு இழை தொடங்குகிறேன். 1954-இல் டிஸ்னி எடுத்த "20,000 லீக்ஸ் அண்டர் த சீ" படத்தில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கி மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. கப்பலா முதலையா என்று புரியாத அந்த முகம், மூக்கிலிருந்து பின்னால் ஓடும் ரம்பப் பல், இருட்டில் எரியும் இரண்டு கண்கள். இப்போது ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம், அப்புறம் விளம்பரம் செய்கிறான் என்பீர்கள்) அதன் லிமிடெட் எடிஷன் ரெப்ளிகாவுக்கு ப்ரீ ஆர்டர் எடுக்கிறது. சுமார் 32 அங்குல நீளம், ரெசின் (அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்) உடல், உள்ளே எல்இடி, அடியில் எண் பொறித்த தகடு, கூடவே ஒரு சர்ட்டிஃபிகேட். "படத்தில் பயன்படுத்திய அசலின் துல்லியமான நகல்" என்று போட்டிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, வாங்காமல் விட்டால் தூக்கம் வராது. அந்தத் துல்லியம் உண்மைதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையரீல்:
வாங்க தம்பி. பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன், எந்த அசல்?

அந்தப் படத்துக்கு ஒரு நாட்டிலஸ் இல்லை. நடிகர்கள் ஏறி நிற்பதற்கு ஏறக்குறைய 200 அடி நீளத்தில் கப்பலின் மேல்பகுதியைக் கட்டினார்கள். தண்ணீருக்குள் ஓடுவதற்கு 11 அடி மினியேச்சர் ஒன்று. அதைத் தவிர வேறு அளவுகளிலும் மாதிரிகள் இருந்தன. அதில் ஒன்று விசித்திரமானது, அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கப்பலின் கூடமான சலூன், அதிலிருக்கும் ஆர்கன் இசைக்கருவி, பெரிய வட்டக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் ஸ்டுடியோவுக்குள் தனி செட். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்தும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆக "அசலின் நகல்" என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

நீர்க்குமிழி:
ஆகா, அண்ணன் ஆரம்பித்துவிட்டார். திருகாணி ப்ரோ, ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

ரெசின்கை:
கணக்கு போட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். 200 அடி என்றால் 2,400 அங்குலம். உங்கள் ரெப்ளிகா 32 அங்குலம், அதாவது 75-இல் ஒரு பங்கு. 11 அடி மினியேச்சர் கப்பலில் சுமார் 18-இல் ஒரு பங்கு. இப்போது ரிவெட்டை, அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியை, எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலஸின் அழகே அந்த ரிவெட் வரிசைதான். உண்மையான கப்பலில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு ரிவெட் தலை இருந்தால், 75-இல் ஒரு பங்கில் அது ஒரு மில்லிமீட்டர்தான் வரும், அதன்மேல் ப்ரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் விழுந்தால் மூழ்கியே போய்விடும். அதனால் செய்கிறவர்கள் வேண்டுமென்றே பெரிதாக வைப்பார்கள். நானும் அப்படித்தான் வைப்பேன். அது தவறில்லை, ஆனால் "துல்லியம்" என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

எண்தகடு:
ரெசின்கை அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் கொஞ்சம் ரெப்ளிகா செய்பவர்கள் பக்கமும் பேச வேண்டும். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்? படத்தை வடிவமைத்த ஹார்ப்பர் கோஃப்பின் வரைபடங்கள், ஸ்டுடியோ எடுத்த புகைப்படங்கள், படத்தின் ஃப்ரேம்கள் ஆகியவற்றை வைத்து ஒரு சராசரி உருவத்தைத்தான் எடுக்க முடியும். நாம் மனதில் வைத்திருக்கும் நாட்டிலஸும் அந்தச் சராசரிதானே?

என்னிடம் இப்படி எண் போட்ட பதிப்புகள் ஏழெட்டு இருக்கின்றன. வாங்கியதற்கு வருத்தப்பட்டதில்லை. (ஒன்றே ஒன்றைத் தவிர, அந்தக் கதை பிறகு.)

திருகாணி:
பழையரீல் அண்ணா, அந்த விசித்திரமான மாதிரி என்ன என்று சொல்லாமல் போய்விட்டீர்களே!

பழையரீல்:
போகவில்லை தம்பி, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் சினிமாஸ்கோப். அது ஃபாக்ஸ் கம்பெனியின் முறை. படம் பிடிக்கும்போது அனாமார்ஃபிக் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி ஃபிலிமில் பதிக்கும், திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை இரு மடங்காக விரித்துக் காட்டும். முறை அப்போதுதான் வந்திருந்தது, லென்ஸ்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு பக்கம் நடிகர்களை வைத்துப் படப்பிடிப்பு, இன்னொரு பக்கம் மினியேச்சர் படப்பிடிப்பு, இரண்டுக்கும் லென்ஸ் வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். லென்ஸ் செய்ய வேண்டிய வேலையைக் கப்பலையே செய்ய வைத்துவிட்டார்கள். நாட்டிலஸை நீளவாக்கில் நெருக்கி, உயரம் அப்படியே இருக்க, ஒரு குட்டையான மாதிரி செய்தார்கள். அதைச் சாதாரண லென்ஸில் எடுத்தால் ஃபிலிமில் விழுவது நெருக்கிய படம்தான். தியேட்டரில் அது விரியும்போது முழு நீள நாட்டிலஸ் ஓடும்.

நீர்க்குமிழி:
இது நிஜமா? கப்பலையே அமுக்கிவிட்டார்களா?

பழையரீல்:
நிஜம்தான். பக்கவாட்டில் எடுக்கும் ஷாட்டுகளுக்கு மட்டும்தான் அது உதவும், கப்பல் திரும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரெசின்கை:
இதைத் தெரியாமல் இத்தனை வருடம் ரெசின் கலக்கிக்கொண்டிருந்தேனே!

மினியேச்சர் ஏன் 11 அடி வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, இதைச் சிலர் கவனிப்பதில்லை. கப்பலைச் சிறிதாக்கலாம், தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. குமிழி, துளி, அலை எல்லாம் அதன் இயல்பான அளவில்தான் வரும். மாதிரி சிறிதாக இருந்தால் தொட்டியில் மிதக்கும் பொம்மை என்று பார்த்த கணத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் முடிந்தவரை பெரிதாகச் செய்து, கேமராவையும் வேகமாக ஓட்டுவார்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு, அளவு விகிதத்தின் வர்க்கமூலம். 18-இல் ஒரு பங்குக்கு வர்க்கமூலம் நாலு சொச்சம், ஆக நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் நூறு ஃப்ரேம். அப்போதுதான் அலை மெதுவாக, கனமாக எழுந்து விழும்.

சும்மாவாசகன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். படத்துக்கு மூலமான நாவலில் இந்த முதலை மூஞ்சி கிடையாதே? ஜூல் வெர்ன் எழுதியது சுருட்டு மாதிரி வழவழப்பான கப்பல். 70 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பாகங்களைக்கூடத் தனித்தனியாக வெவ்வேறு ஊர்களில் செய்யச் சொல்லி வாங்கியதாகக் கப்பலின் கேப்டன் நீமோ சொல்வார், எஞ்சின் க்ருப் ஆலையில், ப்ரொப்பெல்லர் கிளாஸ்கோவில், தகடுகள் லிவர்பூலில் என்று ஒரு பட்டியலே வரும். அப்படிப் பார்த்தால் படத்தில் வருவதே "அசலின் துல்லியமான நகல்" இல்லை.

அப்புறம் இன்னொன்று. இருபதாயிரம் லீக் என்பது ஆழம் இல்லை, கப்பல் ஓடிய தூரம். வெர்ன் கணக்கில் ஒரு லீக் 4 கிலோமீட்டர், மொத்தம் 80,000. பூமியை இரண்டு சுற்று. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

பழையரீல்:
சும்மாவாசகன் ஐயா எந்த இழைக்கு வந்தாலும் லீக் கணக்கு வந்துவிடும் :)

நீங்கள் சொல்வது சரிதான். வால்ட் டிஸ்னியே முதலில் வழவழப்பான குழாய் வடிவத்தைத்தான் நினைத்திருந்தார். கோஃப்தான் மறுத்தார். அவருடைய வாதம் என்னவென்றால், நாவலின் தொடக்கத்தில் மாலுமிகள் அதைக் கப்பல் என்று நினைக்கவில்லை, ஏதோ ராட்சத மிருகம் என்றுதான் பயப்படுகிறார்கள். அப்படியானால் இருட்டில் பார்த்தால் மிருகமாகத் தெரிய வேண்டும். கண்கள் முதலைக்கு, உடலும் துடுப்பும் சுறாவுக்கு, ரம்பம் மரக்கப்பலின் அடியைக் கிழிப்பதற்கு. அதோடு, தீவில் மறைந்திருந்து கையில் கிடைத்த முரட்டு இரும்பை வைத்துக் கட்டிய கப்பல் வழவழப்பாக எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த முரட்டு ரிவெட்டெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

இவ்வளவு செய்த மனிதருக்கு ஆஸ்கார் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. படம் கலை இயக்கத்துக்கு விருது வாங்கியது, மேடையில் போன பெயர்கள் ஜான் மீஹனும் எமில் கூரியும். கோஃப் அப்போது கலை இயக்குநர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, அதனால் அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. சர்ட்டிஃபிகேட்டில் ஸ்டுடியோ முத்திரையை இவ்வளவு பெரிதாகப் போடுகிறவர்கள் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள் தம்பி, ஆளின் தரம் அதில் தெரியும்.

திருகாணி:
இப்போதுதான் விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை அண்ணா. "ஆர்க்கைவ் தரவுகளின் அடிப்படையில்" என்று மட்டும் இருக்கிறது.

சரி, எண் போட்ட பதிப்பு என்கிறார்களே, அதற்கு என்ன மதிப்பு?

எண்தகடு:
என் ஏரியா. எத்தனை பிரதிகள் என்று மேலே போட்டிருந்தாலும் கீழே சிறிய எழுத்தைப் படியுங்கள். "அதிகபட்சம்" என்ற சொல் இருந்தால், அவ்வளவு செய்தே ஆவார்கள் என்று பொருள் இல்லை. 500 என்று அறிவித்துவிட்டு ஆர்டர் வந்தது 180 என்றால் 180-உடன் நிறுத்திவிடலாம், உங்கள் தகட்டில் 500-இல் இத்தனையாவது என்றுதான் இருக்கும். எதிர்ப்பக்கம் ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் (கலைஞருக்கென்று ஒதுக்கும் பிரதி) என்று சில பிரதிகள், இவை எண்ணிக்கைக்குள் வராது. விற்றுத் தீர்ந்ததும் அதே அச்சில் துருப்பிடித்த தோற்றத்தில் ஒன்று, வெண்கல நிறத்தில் ஒன்று, பாதி அளவில் ஒன்று என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் தனி "லிமிடெட்"தான். சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை.

ரெசின்கை:
கை வேலையாகச் செய்தால் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும். சிலிக்கோன் ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே கிழியத் தொடங்கும், ரம்பப் பல் மாதிரி கூரான இடங்களில் முதலில் போகும். கடைசியில் வந்த வார்ப்பில் பல் முனை மழுங்கியிருக்கும், நாமே அரம் போட்டுக் கூராக்க வேண்டும். ஆனால் பெரிய நிறுவனம் புது அச்சு எடுத்துக்கொண்டே போகலாம். அவர்கள் "அச்சு உடைக்கப்பட்டது" என்று எழுதினால் எந்த அச்சு என்று கேளுங்கள். சிலிக்கோன் அச்சு எப்படியும் உடையும். அச்செடுக்க உதவும் மூல மாதிரி, அந்த மாஸ்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ரீகாஸ்ட் திருடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்ற ரெப்ளிகாவை வாங்கி அதன்மேலேயே அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, அளவெடுப்பது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், நகலின் நகல் இன்னும் கொஞ்சம் சிறிதாக இருக்கும், ரிவெட் விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும்.

நீர்க்குமிழி:
எண்தகடு அண்ணே, வருத்தப்பட்ட அந்த ஒன்று?

எண்தகடு:
மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அதுவும் ஒரு நீர்மூழ்கிதான். முழுப் பணமும் முன்னாலேயே கட்டினேன், வந்து சேர இரண்டு வருடம். ஒவ்வொரு முறை கேட்டபோதும் பெயிண்ட் மாதிரியை ஸ்டுடியோ இன்னும் அனுமதிக்கவில்லை என்றே பதில். வந்த பெட்டியைத் திறந்தால் மூக்கு தனியாக, உடல் தனியாக. மாற்றித் தரக் கேட்டேன், பதிப்பு தீர்ந்துவிட்டது, அதே எண்ணில் இன்னொன்று கிடையாது என்றார்கள். எண் என்னும் பெருமையே எனக்கு வினையானது. நானே உள்ளே பித்தளைக் கம்பி வைத்து ஒட்டினேன். அடுத்த கோடையில் கண்ணாடி அலமாரிக்குள் வெயில் பட்டு வால் தொங்கிவிட்டது. அப்படியும் விடவில்லை, பேட்டரிப் பெட்டியில் பேட்டரியை எடுக்க மறந்து, அது கசிந்து தொடர்புத் தகடு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. இந்தக் கடைசித் தவறு மட்டும் என்னுடையது.

ரெசின்கை:
வால் தொங்கினால் பயப்பட வேண்டாம், ஹேர் ட்ரையரில் சூடாக்கிக் கையால் நிமிர்த்திப் பிடித்து அப்படியே ஆறவிட்டால் நிற்கும். நீளமும் மெலிவுமாக இருக்கும் எதற்கும் உள்ளே கம்பி வேண்டும். 32 அங்குல நாட்டிலஸை இரண்டு ஸ்டாண்டில் தாங்க வேண்டும், ஒற்றைத் தூணில் நிற்பதாகப் படம் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

விளக்குத்திரி:
நிறத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு அதுதான் பெரிய சண்டை. ஒருவர் கறுப்பு என்கிறார், ஒருவர் பச்சை என்கிறார், ஒருவர் துருச் சிவப்பு என்கிறார். நான் பார்த்த மூன்று ரெப்ளிகாவும் மூன்று நிறம்.

பழையரீல்:
மூவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை, ஆகவே நீருக்கடியில் எடுத்த ஷாட்டில் துரு நிறம் பச்சையும் நீலமுமாக மாறிவிடும். அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளோ வயதாக ஆக வெளிறிச் சிவந்துபோகும், அப்படி ஒரு பிரிண்டைப் பார்த்தவருக்கு எல்லாமே செங்கல் நிறம். பிறகு ஒவ்வொரு வீடியோ வெளியீட்டிலும் நிறத்தைத் தனியாகத் திருத்துவார்கள். திரையைப் பார்த்து நிறம் கலக்குகிறவர் தன் டிவியைத்தான் பூசுகிறார். நான் கேட்டால் அடர் நிறத்தில் அடிப்பூச்சு, மேலே நீர்த்த துரு நிறப் பூச்சு, அதற்கு மேல் விளக்கை எப்படி வைக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

விளக்குத்திரி:
விளக்கு என்றதும் ஞாபகம் வந்தது. தயவுசெய்து யாரும் வெள்ளை எல்இடி போடாதீர்கள். 1954-இன் இழை பல்பு மஞ்சள் ஒளி. வெள்ளை எல்இடி போட்ட நாட்டிலஸ் பல் மருத்துவமனை மாதிரி இருக்கும். வார்ம் எல்இடி போட்டு, கண் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் ஜெல் (நிறமூட்டிய ஒளிபுகும் தாள்) ஒன்று ஒட்டினால் போதும்.

நீர்க்குமிழி:
நான் ப்ரோட்டியஸ் கட்சி. 1966-இன் "ஃபென்டாஸ்டிக் வாயேஜ்". நுண்ணுயிர் அளவுக்குச் சுருங்கி மனித இரத்தக் குழாயில் ஓடும் நீர்மூழ்கி. அதுவும் ஹார்ப்பர் கோஃப் வடிவமைப்பு, இயக்குநரும் 1954 படத்தை எடுத்த அதே ரிச்சர்ட் ஃப்ளைஷர். மினியேச்சர் நீர்மூழ்கி என்றால் கதைப்படியே மினியேச்சர் அதுதானே! அதற்கு எந்த அளவில் ரெப்ளிகா செய்தாலும் துல்லியம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்று விற்றால்கூட மறுக்க முடியாது.

எண்தகடு:
வெறும் ஸ்டாண்டை அனுப்பிவிட்டு "கப்பல் மேலே இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். நான் வாங்கிவிடுவேன், அதுதான் பயம்.

சும்மாவாசகன்:
அந்தப் படத்தில் ஓர் ஓட்டை உண்டு. கப்பலை வெள்ளை அணு விழுங்கிவிட, ஆட்கள் மட்டும் கண்ணீர் வழியே தப்பி வருவார்கள். சுருங்கிய நிலை நிற்கும் அறுபது நிமிடம் முடிந்ததும் உள்ளே கிடக்கும் கப்பல் பெரிதாகாதா? அதை நாவலாக எழுதிய ஐசக் அசிமோவ் இதை ஒப்புக்கொள்ளவில்லை, தன் புத்தகத்தில் கப்பலின் மிச்சத்தையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். படத்துக்கு முன்பே புத்தகம் வெளியானதால் படம்தான் நாவலிலிருந்து வந்தது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள்.

திருகாணி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் யோசித்தேன். நிறுவனத்துக்கு எழுதி, 11 அடி மாதிரியின் நகலா, 200 அடி செட்டின் நகலா என்று கேட்டேன். "படத்தில் கண்ட நாட்டிலஸின் நகல்" என்று பதில் வந்தது. கோபம் வரவில்லை, ஒரு வகையில் நேர்மையான பதில்தான், எண்தகடு அண்ணன் சொன்ன சராசரி. ஆனால் முன்பணம் கட்டவில்லை.

உண்மையைச் சொன்னால், பழையரீல் அண்ணா அந்த அமுக்கிய மாதிரியைச் சொன்ன நாளிலிருந்து வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. அதை யாராவது ரெப்ளிகாவாக விற்கிறார்களா?

பழையரீல்:
நான் பார்த்ததில்லை தம்பி. யார் வாங்குவார்கள்? அலமாரியில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் கப்பல் எங்கேயாவது மோதிவிட்டதா என்று கேட்பார்கள்.

ரெசின்கை:
வாங்குவானேன், செய்யுங்கள். பக்கவாட்டு வரைபடத்தை எடுத்து நீளத்தை மட்டும் பாதியாக்கி அச்சிடுங்கள். உயரத்தையும் அகலத்தையும் தொடாதீர்கள். குறுக்கு வெட்டுத் துண்டுகள் அதே வடிவம், துண்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் பாதி. ரிவெட் வட்டமாக வைக்காமல் நின்ற முட்டை மாதிரி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிக்கும்போது படுத்த முட்டையாகிவிடும். முதலில் அட்டையில் செய்து பாருங்கள். லென்ஸ் எதுவும் வேண்டாம், போனில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, எடிட் செய்யும் ஆப்பில் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக இழுங்கள்.

திருகாணி:
அக்கா, செய்துவிட்டேன்! அட்டையும் பசையும்தான், 40 செண்டிமீட்டர், கரிப்பொடி பூசினேன். மேசையில் பார்த்தால் வயிறு உப்பிய தவளை. தம்பி மகள் இது என்ன டைனோசர் என்று கேட்டாள். போனில் எடுத்து அகலத்தை இழுத்தேன், அய்யோ, நாட்டிலஸ்! ரம்பம், கண், வால் எல்லாம் அதனதன் இடத்தில். மூன்று தடவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். அப்புறம் கப்பலைக் கொஞ்சம் கேமரா பக்கம் திருப்பி வைத்து எடுத்தேன், முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது.

பழையரீல்:
சொன்னேனே, திரும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று. படத்தை இங்கே போடுங்கள் தம்பி, இரண்டையும் போடுங்கள், பூசணிக்காயையும் சேர்த்து.

எண்தகடு:
அடியில் ஒரு தகடு ஒட்டி 1/1 என்று எழுதிவிடுங்கள். விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.